மாடல் ரயில் லேஅவுட்டில் கரண்ட் கம்பியும் தந்திக் கம்பியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் லேஅவுட்டை, அதாவது பலகைமேல் கட்டிய மாடல் ரயில் காட்சியை, பார்க்க வருபவர்களின் கண் முதலில் ரயிலுக்குப் போகும், அடுத்து கம்பிகளுக்கு. பிறகு கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் லேஅவுட் பற்றிக் கொஞ்சம். எட்டடி நீளம், இரண்டடி அகலம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில், ஆண்டிப்பட்டிப் பக்கம் இருப்பதாக நான் கற்பனை செய்துகொண்ட ஒரு சின்ன ஸ்டேஷன். காலம் 1980-கள். அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010 இறுதியோடு நின்றுபோனது. அகலப்பாதையாகி மதுரையிலிருந்து தேனி வரை மறுபடி ரயில் வந்தது 2022-ல். அளவு எச்ஓ, அதாவது 87-ல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் அகலப் பாதை இந்த அளவில் 11.5 மி.மீ. வரும், அதனால் 12 மி.மீ. தண்டவாளம் போட்டிருக்கிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் எச்ஓவுக்கு. ‘N’ ஸ்கேலில், அதாவது 160-ல் ஒரு பங்கு அளவில், செய்பவர்கள் ஏறக்குறைய பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.

போஸ்ட் மட்டும் நட்டால் போதாதா? கம்பி கட்டாயம் வேண்டுமா?

வேண்டும் என்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். தந்திக் கம்பி மெதுவாகக் கீழே இறங்கும், மறுபடி ஏறும், போஸ்ட் வந்ததும் சட்டென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் திரும்ப இறங்கும். அந்தப் பாதையைப் பற்றி எனக்கு மிச்சமிருக்கும் நினைவில் பாதி அந்தக் கம்பிதான். கம்பி இல்லாத போஸ்ட் வரிசையைப் பார்த்தால் யாரோ கம்பியைத் திருடிக்கொண்டு போனது போல இருக்கிறது.

கம்பி கட்ட இப்போது நேரமில்லை என்றால் போஸ்டையும் நடாமல் விடுங்கள். வெறும் வயல் கண்ணை உறுத்தாது, வெறும் போஸ்ட் உறுத்தும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காகிதத்திலிருந்து. நிஜத்தில் எந்தக் கம்பியும் சும்மா போவதில்லை. ஓரிடத்தில் புறப்பட்டு, ஒரு வேலைக்காக இன்னோரிடம் போய்ச் சேர்கிறது. இந்தக் கணக்கு சரியாக வந்துவிட்டால் கம்பியின் தடிமன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பார்ப்பவர் மனம் ஏற்றுக்கொள்ளும். கணக்கு தப்பினால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஏதோ இடிக்கும்.

என் லேஅவுட்டில் மூன்று குடும்பம் கம்பிகள். தண்டவாளத்தை ஒட்டி ஓடுவது ரயில்வேயின் தந்திக் கம்பி. ஒற்றைப் பாதை என்பதால் இந்த ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனிலும் உள்ள டோக்கன் (டிரைவருக்கான அனுமதிச் சின்னம்) கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இதன் வழியாகத்தான். அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் இங்கே டோக்கன் வெளியே வரும், டோக்கன் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். ஆகவே தந்திக் கம்பி ஸ்டேஷனைத் தாண்டி ஓடினால் மட்டும் போதாது. ஒரு ஜோடிக் கம்பி பிரிந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சுவருக்கு இறங்க வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இது.

இரண்டாவது, பின்னணிப் பலகையிலிருந்து வயல் வழியாக வரும் 11,000 வோல்ட் ஹெச்டி (உயர் அழுத்த) லைன். மூன்றே கம்பி. அது டிரான்ஸ்பார்மரில் முடிகிறது. அங்கிருந்து மூன்றாவது குடும்பமான எல்டி (குறைந்த அழுத்த) லைன் புறப்படுகிறது. ஒரு கிளை தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும், இன்னொரு கிளை வயல் நடுவே இருக்கும் கிணற்று மோட்டார் ரூமுக்கு. கிணற்றுக் கிளை அதோடு முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு முடிவு இருப்பதால்தான் அது உண்மை போலத் தெரிகிறது.

போஸ்ட் எவ்வளவு உயரம்? எவ்வளவு தூரத்துக்கு ஒன்று?

ஊருக்குள் அதிகம் பார்க்கும் சிமெண்ட் போஸ்ட் 8 மீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும் என்பது பொதுக் கணக்கு. மிச்சம் ஆறரை மீட்டருக்குச் சற்று மேல், எச்ஓவில் 77 மி.மீ. மாடல் செய்பவர்கள் பலர் முழு 8 மீட்டரையும் தரைக்கு மேலேயே நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் ஓட்டு வீடு இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

தெருவைக் குறுக்கே கடக்கும் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளில் அளவு இருந்தது. எல்டி லைனுக்கு 5.8 மீட்டர், ஹெச்டிக்கு 6.1 மீட்டர். நமக்கு அது 67 மி.மீ., 70 மி.மீ. அட்டையில் இந்த உயரத்துக்கு இரண்டு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, கம்பி கட்டியபின் அடியில் நிறுத்திப் பாருங்கள்.

இடைவெளியில்தான் சமரசம் செய்ய வேண்டியிருக்கும். 50 மீட்டர் இடைவெளி என்றால் மாடலில் 57 செ.மீ. எட்டடி லேஅவுட்டில் நாலைந்து போஸ்ட்தான் வரும், வரிசை என்ற உணர்வே வராது. நான் 25 செ.மீ.க்கு ஒன்று நட்டிருக்கிறேன். 20-க்குக் கீழே போகாதீர்கள், வேலி மாதிரி ஆகிவிடும்.

கம்பி எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்?

தலைமுடி அளவுக்கு. உயர்வு நவிற்சி இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. கிராமத்து லைன்களில் போடும் அலுமினியக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர்கள் உண்டு. வீசல் என்பது 7.77 மி.மீ. விட்டம், ராபிட் 10.05 மி.மீ. 87-ஆல் வகுத்தால் வீசல் 0.09 மி.மீ., ராபிட் 0.115 மி.மீ. நம் தலைமுடியே 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். ‘N’ ஸ்கேலில் வீசல் 0.05 மி.மீ.க்கு வந்துவிடும். அதைக் கையில் பிடித்து வேலை செய்வது சிரமம், கொஞ்சம் தடிமன் கூடினால் பரவாயில்லை.

எந்தப் பொருளில் கட்டுவது?

நான் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துவிட்டேன். தையல் நூலில் பிசிறு நிற்கும். மெழுகு தடவினால் அடங்கும், ஆனால் ஒரு மழைக்காலம் போனால் ஈரத்துக்குத் தளர்ந்து, வெயிலுக்கு இறுகி, ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு மாதிரி தொங்கும். தூண்டில் நரம்பு மினுங்கும், பெயின்ட் ஒட்டாது, உருளையில் சுற்றியிருந்த சுருளை மறக்கவே மறக்காது. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி இழுத்தால் அருமையான மெல்லிழை வரும். பார்க்க அழகு, ஆனால் தொட்டால் ஒடியும்.

கடைசியில் என்னிடம் நிலைத்தவை இரண்டு. ஒன்று, மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி. கேஜ் எண் சொல்லிக் கேளுங்கள்: 42 என்றால் 0.10 மி.மீ., 44 என்றால் 0.08 மி.மீ. ஒரு சின்னத் துண்டு கேட்டால் கடைக்காரர் சும்மாவே கொடுப்பார், ஒரு லேஅவுட்டுக்கு அது தாராளம். இரண்டாவது, ரப்பர் போல இழுபடும் நூல். அமெரிக்க மாடல்காரர்கள் ஈசி லைன் என்ற பெயரில் வாங்குவது இதைத்தான். பெர்க்‌ஷயர் ஜங்ஷன் என்ற நிறுவனத்தின் சரக்கு. பல மடங்கு இழுபட்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். கப்பல் மாடல் செய்பவர்களின் லைக்ரா நூலும் இதே குணம்தான்.

எதை எங்கே கட்டுவது என்பதற்கு என் விதி: கை போகும் இடத்தில் இழுபடும் நூல், கை போகாத இடத்தில் செம்பு. இந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. முதலில் முன்பக்கத் தந்திக் கம்பியையும் செம்பில்தான் கட்டினேன். ஒரு நாள் கவிழ்ந்த வேகனை எடுக்கக் கையை விட்டபோது சட்டைக் கை கம்பியில் மாட்டி, மூன்று போஸ்ட் பெயர்ந்துவந்தது. இரண்டு வார மாலை வேலை. இப்போது அங்கே இழுநூல். கை பட்டால் வளைந்துகொடுத்துவிட்டுத் திரும்ப நிற்கிறது.

தொய்வு எப்படிக் கொண்டுவருவது?

இழுநூலில் வராது. எடை இல்லை, விறைப்பு உண்டு, ஆகவே நேர்கோடாகத்தான் நிற்கும். தந்திக் கம்பிக்கு அது பெரிய குறை இல்லை. தொய்வு வேண்டும் என்றால் செம்புதான்.

செம்புக் கம்பியின் ஒரு நுனியை வைஸில் பிடித்து, மறுநுனியைக் குறடால் பிடித்து நிதானமாக இழுங்கள். ஓரிடத்தில் கம்பி லேசாக இளகிக் கொடுப்பது கைக்குத் தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். இப்போது அது கண்ணாடியில் கோடு கிழித்த மாதிரி நேராக இருக்கும், சற்று விறைத்தும் இருக்கும். அப்புறம் ஒரு தடித்த அட்டையில் 25 செ.மீ. தூரத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் 3 மி.மீ. கீழே இறங்கும் வளைவை வரைந்துகொள்ளுங்கள். கம்பியை அந்த வளைவின்மேல் வைத்து, நகத்தின் பின்புறத்தால் நீவினால் வளைவு கம்பியில் ஏறிவிடும். எல்லாத் துண்டையும் இதே அட்டையில் நீவுங்கள். ஒரே இழுவையில் கட்டிய கம்பிகள் ஒரே மாதிரிதான் தொய்யும். ஒன்று அதிகம் ஒன்று குறைவு என்று இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

ஏன் 3 மி.மீ.? கம்பியின் தொய்வு இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளி பாதியானால், அதே இழுவையில், தொய்வு கால்பங்காகும். நாமோ இடைவெளியை ஏற்கெனவே சுருக்கிவிட்டோம். கணக்குப்படி போனால் தொய்வே தெரியாது. அதனால் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் என்று கண்ணுக்காக வைத்துக்கொண்டேன். நிறையத் தொய்ய விட்டால் துணி காயப்போடும் கொடி மாதிரி ஆகிவிடும். புதிதாகச் செய்பவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

போஸ்டில் கம்பியைத் தாங்கும் பீங்கானுக்கு என்ன செய்வது?

பாசிமணி. 11,000 வோல்ட் லைனின் முள் பீங்கானுக்கு ஒன்றரை மி.மீ. மணி சரியாக இருக்கும். ஃபேன்ஸி ஸ்டோரில் மிகச் சின்ன மணி என்று கேட்டால்கூட இரண்டு மி.மீ.தான் தருவார்கள், அது பெரிது. எம்பிராய்டரி சாமான் விற்கும் இடத்தில் தேடுங்கள். நான் ஹெச்டிக்கு அரக்குப் பழுப்பும் தந்திக்கு வெள்ளையும் வைத்திருக்கிறேன். ‘N’ ஸ்கேலில் மணி வேண்டாம், ஒரு சொட்டு வெள்ளைப் பசையைக் காயவிட்டு வண்ணம் தொட்டால் போதும்.

ஒட்டும்போது பசை வழிகிறது, வெள்ளையாகப் பூக்கிறது. என்ன செய்ய?

ஃபெவிக்விக் போன்ற பசையைக் குப்பியிலிருந்து நேராக வைக்கவே வைக்காதீர்கள். ஒரு தையல் ஊசியின் காதின் மேல்பக்கத்தை நறுக்கிவிட்டால் சின்னக் கவை கிடைக்கும். ஊசியின் கூர்முனையை ஒரு குச்சியில் செருகிக்கொள்ளுங்கள். பழைய மூடியில் ஒரு சொட்டுப் பசை விட்டு, கவையால் தொட்டால் கவைக்குள் ஒரு துளி நிற்கும். அதைப் பீங்கானில் தொட்டதும் துளி தானே இறங்கும்.

முதல் போஸ்டில் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு அடுத்த போஸ்ட். இழுநூலாக இருந்தால் கொஞ்சம், பத்து சதவீதம் போல, இழுத்துப் பிடித்தால் போதும். மிக இழுத்தால் போஸ்ட் எல்லாம் ஒரு பக்கம் சாயும். பீங்கானைச் சுற்றி முடிச்சுப் போடாதீர்கள், இந்த அளவில் முடிச்சு தேங்காய் மாதிரி தெரியும். பக்கவாட்டில் தொட்டு ஒட்டினாலே போதும். பின்பக்கக் கம்பிகளை முதலிலும் முன்பக்கத்தைக் கடைசியிலும் கட்டுங்கள்.

வெள்ளைப் பூப்பு பசையின் ஆவியால் வருவது. பசை குறைந்தால் அதுவும் குறையும். மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் ஆவி தங்காது. மிச்சத்தை மினுக்கமில்லாத சாம்பல் வண்ணத்தால் ஒற்றிவிடலாம்.

கடைசி போஸ்ட் வளைந்துவிடுகிறது.

நிஜத்திலும் வளையும். அதனால்தான் அங்கே ஸ்டே கம்பி கட்டுகிறார்கள். லைன் முடியும் போஸ்ட், திரும்பும் போஸ்ட், கிளை பிரியும் போஸ்ட் மூன்றுக்கும் ஸ்டே வேண்டும், கம்பி இழுக்கும் திசைக்கு நேரெதிரே. மாடலில் இது அலங்காரமாக இல்லாமல் உண்மையாகவே வேலை செய்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் தடித்த செம்புக் கம்பியைப் போஸ்டின் மேல்முனையிலிருந்து சாய்வாக இறக்கி, பலகையில் துளையிட்டு அடியில் ஒட்டுங்கள். பாதி உயரத்துக்கு மேல் ஒரு பாசிமணி கோர்த்துவிட்டால் ஸ்டேயில் இருக்கும் முட்டைப் பீங்கான் ஆயிற்று.

டிரான்ஸ்பார்மர் எப்படி இருக்க வேண்டும்?

இரட்டைப் போஸ்ட், நடுவில் சுமார் இரண்டரை மீட்டர், மாடலில் 29 மி.மீ. மேலிருந்து கீழாக வரிசையைக் காப்பாற்றுங்கள்: மூன்று ஹெச்டி கம்பி வந்து முடிகிறது, அடுத்து லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்ச், அதற்குக் கீழே ஃபியூஸ், பிறகு சட்டத்தின்மேல் டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து நான்கு கம்பி வெளியே. ஏபி ஸ்விட்சிலிருந்து ஒரு குழாய் போஸ்டை ஒட்டிக் கீழே வந்து கைப்பிடியில் முடியும். லைன்மேன் நின்று இழுக்கும் உயரத்தில் கைப்பிடி இருக்கட்டும். ஆள் ஏறாதபடி போஸ்டில் சுற்றும் முள்கம்பிக்கு மெல்லிய கம்பி நாலு சுற்று. ஓர் அபாயப் பலகை. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் எண்ணெய் கசிந்த கறையை லேசாகத் தொட்டு வைத்தேன். பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அந்தக் கறையைத்தான்.

கரண்ட் லைன் தண்டவாளத்தைத் தாண்டிப் போகலாமா?

11,000 வோல்ட் லைனைப் பொதுவாகத் தண்டவாளத்துக்கு அடியில் கேபிளாகத்தான் கொண்டுபோவார்கள். இந்தப் பக்கக் கடைசி போஸ்டில் கம்பிகள் முடிந்து, ஒரு தடித்த கறுப்புக் கேபிள் போஸ்டோடு இறங்கி இரும்புக் குழாய்க்குள் போய்விடும். அந்தப் பக்கப் போஸ்டில் மறுபடி ஏறும். மாடல்காரர்களுக்கு இது வரம். தண்டவாளத்துக்கு மேல் கம்பி இல்லாததால் வண்டியை எடுக்கலாம், துடைக்கலாம்.

தந்திக் கம்பியை எந்தக் காலத்து லேஅவுட்டிலும் வைக்கலாமா?

கூடாது. 25,000 வோல்ட் மின்மயமான பாதை என்றால் யோசியுங்கள். அந்த மின்சாரம் பக்கத்தில் ஓடும் திறந்த கம்பிகளில் தூண்டல் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதனால் மின்மயமாக்கும்போதே தந்திக் கம்பிகளை எடுத்துவிட்டுத் தகவல்தொடர்பை மண்ணுக்கடியில் கேபிளுக்கு மாற்றுவார்கள். மேலே ரயிலுக்கான மின்கம்பி, பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் வரிசை என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் காலம் குழம்பிவிடும். நீராவியும் டீசலும் ஓடிய மீட்டர் கேஜ் பாதைக்குத் தந்திக் கம்பி அச்சாகப் பொருந்தும். போஸ்டுக்குப் பழைய தண்டவாளத் துண்டையே நட்டு வைத்திருப்பார்கள். மாடலிலும் மீந்துபோன தண்டவாளத்தை நறுக்கி அப்படியே நடலாம்.

கம்பிக்கு என்ன நிறம்?

சுத்தக் கறுப்பு வேண்டாம். நிஜத்தில் வானத்தைப் பின்னணியாக வைத்து அண்ணாந்து பார்க்கிறோம், கம்பி கறுப்பாகத் தெரிகிறது. லேஅவுட்டைப் பார்ப்பதோ மேலிருந்து, பின்னணி வயலும் செம்மண்ணும். அங்கே கறுப்பு கோடு போட்டது போல நிற்கும். கரண்ட் கம்பிக்கு அடர்ந்த சாம்பல், தந்திக் கம்பிக்கு அதில் ஒரு துளி துருவின் பழுப்பு. செம்புக் கம்பி என்றால் நீவி முடித்தபின், வண்ணத்தில் நனைத்த ஸ்பாஞ்சுத் துண்டுக்கு நடுவே ஒருமுறை உருவி எடுத்தால் போதும்.

இந்தக் கம்பியிலேயே கரண்ட் விட்டுத் தெருவிளக்கு எரிய வைக்கலாமா?

வேண்டாம். அறுந்து தண்டவாளத்தில் விழுந்தால் ஷார்ட் ஆகும். விளக்குக்கான ஒயரைப் போஸ்டின் பின்புறம் ஒட்டிப் பலகைக்கு அடியில் இறக்கிவிடுங்கள்.

கம்பி கட்டியபின் தண்டவாளத்தை எப்படித் துடைப்பது?

கம்பியைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். புல், மரம், சுவர் எல்லாம் முடிந்து, வண்டி பல நாள் தடம்புரளாமல் ஓடியபிறகு. முன்வரிசைப் போஸ்ட்களைப் பலகையில் ஒட்டாமல் தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலைத் துண்டு துண்டாக நறுக்கித் துளையில் பதித்து, அதற்குள் செருகியிருக்கிறேன். இழுநூலோடு சேர்த்து நாலு போஸ்டையும் உருவிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வேலை பார்க்கலாம், முடிந்ததும் செருகலாம். போஸ்டின் அடியைப் பட்டையாகச் சீவி வைத்தால் செருகும்போது திசை மாறாது.

கம்பியில் பறவை வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள், ஆனால் கொஞ்சமாக. போடிப் பாதையில் தந்திக் கம்பி என்றால் எனக்குக் கரிச்சான்தான், இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். வாலோடு ஓரடி நீளம், மாடலில் மூன்றரை மி.மீ. கறுப்புக் காகிதத்தில் வால் கவையோடு வெட்டி, கழுத்துப் பக்கம் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிட்டால் உடம்புக்குக் கனம் வந்துவிடும். இழுநூலில் உட்கார வைத்தால் நூல் திருகி, பறவை தலைகீழாகத் தொங்கும். செம்புக் கம்பியில் வையுங்கள், போஸ்டிலிருந்து கொஞ்சம் தள்ளி. என் லேஅவுட்டில் கிணற்றுக்குப் போகும் லைனில் ஒரே ஒரு கரிச்சான் இருக்கிறது, உழுத வயலைப் பார்த்தபடி.